மீன் தண்ணீரில் வளரும் செடிக்கு எவ்வளவு இடம் விடுவது?

என் பசுமைக்குடிலைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எத்தனை செடி வைக்கலாம்?" மண்ணில் தோட்டம் போட்டுப் பழகியவர் என்றால் அடுத்ததையும் கேட்டுவிடுவார்: "தண்ணீரிலேயே சத்து வருகிறதே, நெருக்கி நட்டால் என்ன?"

பாதி நியாயம்தான். மண்ணில் இடைவெளி விடுவதில் பெரும்பங்கு வேருக்காக. பக்கத்துச் செடி ஈரத்தையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும். அக்வாபோனிக்ஸில், அதாவது மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டு அதிலேயே செடி வளர்க்கும் முறையில், மீன் வெளியேற்றும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சுற்றி ஓடும் தண்ணீர் அதை எல்லா வேருக்கும் கொண்டுபோகிறது. கீழே அவ்வளவாகப் போட்டி இல்லை. மேலேதான் போட்டி, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். அதனால் முற்றிய செடியின் இலை எவ்வளவு தூரம் விரியும் என்று பார்த்துத்தான் நான் ஸ்கேலை வைக்கிறேன்.

லெட்யூஸையே எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் மிதந்தபடி செடிகளைத் தாங்கும் மிதவை அட்டையில் 20 செ.மீ. இடைவெளியில் கட்டம் போட்டுத் துளையிட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 25 செடி. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சிறு பண்ணைகளுக்குச் சொல்லும் கணக்கும் 20 முதல் 25 வரைதான். துளைகளைக் கட்டமாகப் போடாமல் முக்கோணமாக, ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசைத் துளை விழும்படி போட்டால், அதே 20 செ.மீ. இடைவெளியில் கிட்டத்தட்ட 29 செடி கொள்ளும். பலர் இந்த 4 செடிக்காகவே முக்கோணம் போடுகிறார்கள். நான் அந்த லாபத்தை இடமாக வாங்கிக்கொள்கிறேன்: முக்கோணத்தில் 22 செ.மீ. விட்டாலும் சுமார் 24 செடி வந்துவிடுகிறது. ஒரு செடி போனால் போகட்டும்.

ஏன் இந்த 2 செ.மீ.க்கு இவ்வளவு பிடிவாதம் என்றால், நெருக்கமான அட்டையில் நடுவில் இருக்கும் லெட்யூஸைப் பிரித்துப் பாருங்கள். வெளி இலை பளபளவென்று இருக்கும். உள்ளே குருத்தின் ஓரம் மட்டும் தீக்குச்சியைக் காட்டியது போலப் பழுப்பாகக் கருகியிருக்கும். உடனே "கால்சியம் குறைவு" என்று தொட்டியில் எதையாவது கொட்டத் தோன்றும். தண்ணீரில் கால்சியம் போதுமான அளவு இருந்தாலும் இது வரும். இலை ஆவியாக்கும் தண்ணீரோடுதான் கால்சியம் மேலே ஏறுகிறது. காற்று அசையாத இடத்தில் மூடிக் கிடக்கும் குருத்து ஆவியாக்குவதே இல்லை என்று சொல்லலாம். இடம் விட்டு, விசிறியை இலைமட்டத்துக்குத் திருப்பி வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சரி, நாற்றுக்கும் இதே 22 செ.மீ. கொடுத்தால் இடம் வீண்தானே? ஆமாம். அதனால் நாற்றுக்கு நெருக்கமான துளை போட்ட தனி அட்டை. இலையோடு இலை உரச ஆரம்பித்ததும் நெட் பாட்டோடு (செடி நிற்கும் வலைக் கிண்ணம்) தூக்கி அகலமான அட்டைக்கு மாற்றிவிடுவேன். புது அட்டை, அட்டைகள் மிதக்கும் நீர்க்கால்வாயின் ஒரு முனையில் இறங்கும், அறுவடை மறுமுனையில் நடக்கும், நடுவில் இருப்பவற்றைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். இதில் இன்னொரு வசதி, எல்லா வயதுச் செடியும் எப்போதும் தண்ணீரில் இருக்கும். மொத்தமாக நட்டு மொத்தமாக அறுத்தால், அறுத்த அன்றைக்கு மீன் சாப்பிடுவதை நிறுத்தப் போவதில்லை. உறிஞ்ச ஆளில்லாமல் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம், நெருக்கி நட்டால் சத்துக்கும் ஒரு எல்லை உண்டு. கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம், காய்ப்பவற்றுக்கு 50 முதல் 80 கிராம் என்பது பொதுவான கணக்கு. துளையை இரட்டிப்பாக்கினால் மீன் இரண்டு மடங்கு தின்னாது. அடி இலைகள் மஞ்சளாவதில் அது தெரிந்துவிடும்.

தக்காளி, வெள்ளரியெல்லாம் ஜல்லிப் படுகையில். தக்காளிக்கு 40 முதல் 60 செ.மீ. விடுகிறேன். பெல் சைபன் (படுகையில் தண்ணீர் நிரம்பியதும் தானாக இழுத்து வடிக்கும் அமைப்பு) இருக்கும் மூலையில் மட்டும் தக்காளி கூடவே கூடாது. சைபனுக்குள் ஜல்லி போகாமல் அதைச் சுற்றி நிற்கும் தடுப்புக் குழாயின் துளை வழியாக வெள்ளை வேர் நூல் நூலாக உள்ளே நுழைந்து, சைபன் ஒழுங்காக இழுக்காமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த மூலைக்கு ஆழமாக வேர்விடாத கீரைதான் சரி. உயரமானவை வடகோளத்தில் வடக்கு ஓரம், தென்கோளத்தில் தெற்கு ஓரம். சூரியன் உச்சியில் போகும் இடங்களில் வரிசையை வடக்கு-தெற்காக ஓட்டினால் இரு பக்கமும் முறை வைத்து வெயில் படும். கொடி எங்காவது நிழல் போட்டே தீரும் என்றால் அது மீன் தொட்டி மேல் விழட்டும். பாசியும் குறையும், தண்ணீரும் சூடேறாது.

மீன் இருப்பதால் பூச்சிமருந்தை நினைக்கவே முடியாது. அசுவினியை இலைக்கு அடியில் கண்ணால் பார்த்து விரலால் நசுக்குவதுதான் பாதி வைத்தியம். ஆகவே கை எட்டாத இடத்தில் செடியே வைப்பதில்லை. இரு பக்கமும் நடைபாதை இருந்தால் படுகை 1.2 மீட்டர் அகலம் இருக்கலாம், சுவரை ஒட்டியது என்றால் அதில் பாதிதான். நடைபாதை வீண் இடம் என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு முறை நடுப் படுகையில் குனிந்து வெள்ளரி பறித்துப் பார்க்க வேண்டும்.

புதினாவுக்கு எவ்வளவு இடைவெளி என்று கேட்பவர்களுக்கு: அதற்குக் கணக்கே கிடையாது. தண்ணீர் ஓடும் குழாயில் துளையிட்டு வைத்தால் வேரால் குழாயையே அடைத்துவிடும், படுகையில் வைத்தால் படுகை முழுக்க அதனுடையது. தனித் தொட்டி கொடுத்து ஒதுக்கி வையுங்கள்.