கோத்தகிரி, ஜூன் மழை

ஜூன் 8, 2024, சனி

துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. தேர்தலுக்காக மார்ச்சில் ஸ்டேஷனில் ஒப்படைத்தது. இங்கே ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19, ஆனால் ஜூன் 4 எண்ணி முடித்த பிறகும் ஜூன் 6 வரை தேர்தல் நடத்தை விதி. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கம் அடைக்கும் இரும்புத் தண்டு) நம்பரும் துப்பாக்கி உடம்பு நம்பரும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஏட்டு சிரித்தார். சிரிக்கட்டும். போல்ட் மாறினால் தோட்டாவின் பின்பக்க இடைவெளி மாறும். அது கூடிப்போனால் கூடு கிழிந்து வாயு சுடுகிறவன் முகத்துக்குத்தான் வரும்.

ஜூன் 9

மழை. கோவையிலிருந்து போன் இல்லை.

ஜூன் 10

மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பேரனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினேன். தோட்டாக்களை வேறு அறை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இவளிடம் கொடுத்தேன். "அதான் காலியா இருக்குன்னீங்களே?" என்றாள். காலி என்று யார் சொன்னாலும் கணக்கில் எடுக்கக் கூடாது, நானே சொன்னாலும்.

முனை மண்சுவர்ப் பக்கம். விரல் விசைக்கு வெளியே. முதலில் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, கழற்றினேன். பிறகு போல்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவினேன். மேகசினை எடுக்காமல் போல்டை ஆட்டினால் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். இந்த வரிசையில் பயிற்சி தந்த உஸ்தாத் கண்டிப்பானவர். வெலிங்டன் ராணுவ முகாமில் 303 ரைபிளில் பழகியது. அது ராணுவ ரகம், நமக்கு லைசென்ஸ் கிடையாது. இது இச்சாப்பூர் தொழிற்சாலையின் 315 ரைபிள், உள்ளே 303-ன் அதே லீ-என்ஃபீல்டு ஜாதி.

போல்டை முழுக்க இழுத்து, அதன் தலையை மேலே நெம்பினால் 'டக்' என்று விடுபடும். பின்பக்கமாக உருவி எடுத்தாயிற்று. இனி இது வெறும் இரும்புக் குழாய். அப்போதுதான் மூச்சு சீராகிறது.

போல்ட் தலையைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் துரு. மூன்று மாதம் எண்ணெய் காணவில்லை.

ஜூன் 11

கோவையில் சின்னவளுக்கு டாக்டர் சொன்ன பிரசவத் தேதி 18. இவள் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள்.

ஜூன் 12

துரு மேலோட்டம்தான், குழி விழவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்துத் துணியால் தேய்த்தேன். உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது. பேரலுக்குள் கயிற்றில் கட்டி இழுக்கும் துண்டுத் துணி சேம்பர் பக்கம் நுழைந்து முனை பக்கம் வரவேண்டும். முனையில் கயிறு உராய்ந்தால் அந்த இடம் தேய்ந்து குறி போய்விடும். முதல் துணி கறுப்பு, அடுத்தது பழுப்பு. வெள்ளையாக வரும்வரை இழுத்தேன்.

மரக்கட்டையைக் கழற்றவில்லை. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியையும் தொடவில்லை. அதற்குத் தனிக் கருவி, தனி ஆள். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்ததும் கை ஊறுகிறவர்களால்தான் கடைக்காரர் பிழைக்கிறார்.

ஜூன் 13

மாப்பிள்ளை போன் பண்ணினார். வலி இல்லையாம். பிறகு ஏன் குரல் அப்படி?

ஜூன் 14, ராத்திரி

தூக்கம் இல்லை. போல்டைத் திரும்பப் போட்டேனா என்று எழுந்து பார்த்தேன். போட்டிருக்கிறேன், நம்பர் சரி. தோல் உறையில் வைக்காதே என்று இவளிடமும் சொல்லியாயிற்று, தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். பெரியவனுக்கு இது வேண்டாமாம். லைசென்ஸ் புதுப்பிப்பதா, ஒப்படைப்பதா, கலெக்டர் ஆபீசில் கேட்க வேண்டும்.

ஜூன் 15

காலையில் கிளம்புகிறோம். சாவி இவள்