சிவப்பு நட்சத்திரம் ஓடிய 90 நொடி

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அம்மாவிடமிருந்து போன். அந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நல்லவேளை, உடம்புக்கு ஒன்றுமில்லை. "ஏ புள்ள, கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்குது. கருப்பா இங்கிலீசுல என்னமோ எழுதிக்கிட்டு நிக்குது" என்றாள்.

அம்மா கோவில்பட்டியில் இருக்கிறாள். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சுற்றுவட்டார ஊர்களில் கேட்ட விடுகதைகளை நான்கு வருடமாகத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறாள். 1,100-ஐத் தாண்டிவிட்டது. சொன்னவர்களின் குரல் பதிவுகள் தனியாக இரண்டாவது ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. அவர்களில் பலர் இன்று இல்லை. எங்கள் ஆச்சியும் அந்தப் பதிவுகளில்தான் இருக்கிறாள்.

முந்தின நாள்தான் தூசி தட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் பெட்டியை உள்ளூர்க் கடை ஒன்றில் கொடுத்து வாங்கியிருக்கிறாள். காலையில் இப்படி நின்றதும் அந்தக் கடைக்கே போன் போட்டிருக்கிறாள். "ஃபார்மேட் அடிச்சிருவோம் டீச்சர், அரை நாள் வேலை" என்று பதில் வந்திருக்கிறது. எனக்குப் பகீரென்றது. "யாரையும் தொட விடாதம்மா, நான் சொல்றேன்" என்றேன். அம்மாவுடையது லினக்ஸ் பெட்டி; அது பூட் ஆகாமல், அதாவது முழுதாக எழாமல், நின்றால் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமே இல்லை. பெரும்பாலும் வழியில் ஏதோ ஒரு கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். எந்தக் கதவு என்பதைத் திரையே எழுதிக் காட்டும். அதைப் படிக்காமல் ஃபார்மேட் செய்வது, சாவியைத் தேடாமல் வீட்டை இடிக்கிற மாதிரி.

நான் ஓசூரில். வீடியோ காலில் பார்க்கலாம் என்றால் திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஓடி எழுத்தெல்லாம் கலங்கியது. சரி, நீ வாசி, நான் கேட்கிறேன் என்றேன். முதலில் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். டெபியன் என்று அந்த லினக்ஸ் வகையின் பெயர் போட்ட பட்டியல் வந்ததா? வந்தது. அப்படியானால் முதல் டிஸ்கும், அந்தப் பட்டியலைக் காட்டும் கிரப்பும் நலம். அதற்குப் பிறகு எழுத்து ஓடியதா? ஓடியது. லினக்ஸின் மையமான கெர்னலும் எழுந்துவிட்டது. கெர்னலே எழாமல் நின்றிருந்தால் வைத்தியம் வேறு. போன வருடம் என் லேப்டாப்பில் பூட் பகிர்வில் (வட்டில் பூட் கோப்புகளுக்கென ஒதுக்கிய பகுதி) இடம் தீர்ந்து, புதுக் கெர்னல் எழத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் என்ற துணைக்கோப்பு சரியாக உருவாகாமல் போனது. கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போய், வேண்டாத கெர்னல்களை நீக்கிவிட்டு அந்தக் கோப்பை மறுபடி உருவாக்கினேன். அம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

"இப்ப என்ன தெரியுது?"

"சின்னதா சிவப்பு நட்சத்திரம் இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுது. பக்கத்துல நேரம் ஓடுது. ஒரு நிமிசம் முப்பது செகண்டுன்னு போட்டிருக்கு."

அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. கெர்னலுக்குப் பிறகு மற்ற வேலைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நட்சத்திர ஓட்டம்தான் அடையாளம். இப்படி ஒன்றரை நிமிடம் என்றால் பெரும்பாலும் ஒரு வட்டுக்காகத்தான். வழக்கமாக 90 நொடி காத்திருக்கும். அதற்குள் வட்டு வராவிட்டால், பழுது பார்க்க மட்டும் விடுகிற எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அம்மாவின் பெட்டியும் அங்கேதான் போய் நின்றது. ரூட் பாஸ்வேர்டை, அதாவது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு, இல்லையென்றால் கன்ட்ரோல் டி அழுத்து என்று கேட்டது.

எந்த வட்டை எந்த ஃபோல்டரில் இணைக்க வேண்டும் என்பது எஃப்எஸ்டேப் என்ற சின்னக் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு வட்டுப் பகிர்வுக்கும் யுயுஐடி என்று 36 எழுத்துக்கு ஓர் எண்: 32 எண்ணெழுத்து, நடுவே நான்கு சிறுகோடு. அந்த எண்ணைப் போட்டு அந்தக் கோப்பில் எழுதியிருக்கும் வட்டு கண்ணில் படவில்லை என்றால், கட்டாயம் வேண்டியது என்றே சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். அதில் நியாயம் உண்டு. வட்டு இல்லாமலே உள்ளே விட்டால், வட்டில் எழுத வேண்டியதை நிரல்கள் காலி ஃபோல்டரில் எழுதிவைக்கும். ஆனால் அம்மாவின் இரண்டாவது டிஸ்க் இல்லாமலும் பெட்டி நன்றாகவே எழுந்திருக்க முடியும். அதைச் சொல்லும் நோஃபெயில் என்ற ஒரு சொல்லைப் போன பொங்கலுக்கு அந்த டிஸ்கை மாட்டியபோது நான்தான் எழுதாமல் விட்டிருக்கிறேன். அம்மா அந்தக் காலையில் பட்ட பதற்றத்தில் பாதிக்கு நான் பொறுப்பு.

ரூட் பாஸ்வேர்டை கேஸ் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்திருந்தேன். தேடி எடுத்து வந்தாள். "கீபோர்டு வேலை செய்யலியே, ஒண்ணும் விழமாட்டேங்குது" என்றாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, நீ பாட்டுக்கு அடித்து என்டர் தட்டு என்றேன். இரண்டாம் முறை உள்ளே போனாள்.

அதன் பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஒவ்வோர் எழுத்தாக நான் சொல்ல, அம்மா திருப்பிச் சொல்லி அடித்தாள், வகுப்பில் சொல்வதெழுதுதல் போட்ட மாதிரி. இந்த முறை எழுதியது டீச்சர். முதலில் எல்எஸ்பிஎல்கே. பெட்டியில் தெரிகிற வட்டுகளைக் காட்டும் கட்டளை அது. "எஸ்டிஏ இருக்கு. அதுக்குக் கீழ எஸ்டிஏ ஒண்ணு, எஸ்டிஏ ரெண்டு. அவ்வளவுதான்." எஸ்டிஏ முதல் டிஸ்க். இரண்டாவதான எஸ்டிபி வரவே இல்லை. அப்படியென்றால் இரண்டாவது டிஸ்க் கெர்னலின் கண்ணிலேயே படவில்லை. முந்தின நாள்தான் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். கேபிள் கழன்றிருக்கும் என்று தோன்றியது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. டிஸ்கே போயிருந்தால் என்ன செய்வது என்ற பயமும் உள்ளே இருந்தது.

சில நேரம் எமர்ஜென்சி மோடில், சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் பகிர்வு வாசிக்க மட்டும் திறந்திருக்கும். அதனால் எழுதவும் முடிகிற மாதிரி அதை மறுபடி இணைத்துக்கொண்டு, நானோ என்ற எடிட்டரில் எஃப்எஸ்டேப்பைத் திறக்க வைத்தேன். இரண்டாவது டிஸ்குக்கான கடைசி வரிக்குப் போய், அதைப் பெட்டி கண்டுகொள்ளாமல் இருக்க, தொடக்கத்தில் ஹேஷ் போட வேண்டும்.

"எது ஹேஷ்?"

"ரெண்டு நெடுக்கு, ரெண்டு குறுக்கு. மூணாம் நம்பர் மேல இருக்கும், ஷிஃப்டோட சேர்த்து அழுத்து."

கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீபூட். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடத்தில், "வந்திருச்சு புள்ள, என் பேரு வந்திருச்சு" என்றாள். விடுகதைக் கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை.

இந்த தைரியமெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று யோசித்தேன். 2011-இல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அந்தத் திட்டத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. என் தோழிகள் அந்தப் பக்கமே போகவில்லை. நான் போனேன், கெடுத்தேன், திரையைப் படித்துப் படித்துச் சரிசெய்தேன். அம்மா அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்கிலிருந்து வந்து மெயின்போர்டில் செருகியிருக்க வேண்டிய சாட்டா கேபிளின் முனை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நகத்தளவு இடைவெளி. அழுத்தியதும் 'டக்'கென்று உட்கார்ந்தது. எஸ்டிபி வந்துவிட்டது. ஹேஷை எடுத்துவிட்டு, அந்த வரியில் நோஃபெயிலும், 10 நொடிக்கு மேல் காத்திருக்காதே என்கிற டிவைஸ் டைம்அவுட்டும் சேர்த்தேன். ஃபைண்ட்மவுண்ட் வெரிஃபை என்ற கட்டளை கொடுத்துக் கோப்பில் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். இதைச் செய்யாமல் ரீபூட் போட எனக்கு இனி மனம் வராது. பெட்டியை அணைத்து, கேபிளை நானே கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தேன். டெஸ்க்டாப் வந்தது. திரும்ப மாட்டி, பதிவுகளை எல்லாம் ஒரு வெளி டிஸ்கிலும் நகல் எடுத்தேன்.

அம்மா ஆச்சியின் பதிவைப் போட்டாள். விடுகதை சொல்வதற்கு முன் ஆச்சி ஒருமுறை தொண்டையைச் செருமுவாள். அது கேட்டது. கேஸ் புத்தகத்தின் உள்ளட்டையில், பாஸ்வேர்டுக்குக் கீழே, அம்மாவின் கையெழுத்தில் இப்போது இன்னொரு வரியும் இருக்கிறது: "சிவப்பு நட்சத்திரம் ஓடினால் பயப்பட வேண்டாம். முதலில் எல்எஸ்பிஎல்கே."