ஒரு பால்மாப் பொதியும் நியூசிலாந்தின் புல்வெளிகளும்

2022ஆம் ஆண்டில் 400 கிராம் பால்மாப் பொதி ஒன்றுக்காக யாழ்ப்பாணத்தில் கடை வாசலில் வரிசையில் நின்ற நாட்களில், அந்த மா ஏன் வராமற்போனது என்ற கேள்வி என்னை விடவில்லை. நாட்டில் டொலர் தீர்ந்ததே உடனடிக் காரணம். ஆயினும், வீட்டுக்கு வீடு மாடு நின்ற ஊர்களிலும் தேநீருக்கான பாலை நியூசிலாந்திடம் எதிர்பார்த்திருக்கும் நிலை ஓர் ஆண்டில் உருவானதன்று. எங்கள் வீட்டில் பால்மா என்றால் அங்கர்தான். அப்போது அதன் பின்னால் இருந்தது அந்நாட்டுப் பண்ணையாளர்களின் கூட்டுறவு நிறுவனமான பொன்டெரா.

நியூசிலாந்து உலகப் பாலில் ஏறத்தாழ 3 வீதத்தையே கறக்கிறது. உலகப் பாலில் நான்கில் ஒரு பங்கை நெருங்கும் அளவைத் தரும் இந்தியா, அதில் ஏறக்குறைய முழுவதையும் தானே பயன்படுத்திவிடுகிறது. பாலில் 87 வீதம் நீர், விரைவில் கெடும் தன்மையும் உண்டு என்பதால் எந்த நாட்டிலும் கறந்த பால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எல்லை தாண்டுகிறது. ஐம்பது இலட்சத்தைச் சற்றே தாண்டிய மக்களைக் கொண்ட நியூசிலாந்தோ, தன் பாலில் 95 வீதம் வரை வெளியே அனுப்புகிறது. சந்தை அவ்வளவு ஒடுங்கியிருப்பதாலேயே அச்சிறு நாடு அதில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

அங்கே மாடுகள் ஆண்டு முழுவதும் புல்வெளியில் மேய்கின்றன. புல் தளிர்க்கும் காலத்துக்கு ஏற்ப யூலை, ஆகஸ்டில் கன்று ஈனுகின்றன. ஒக்டோபர் அளவில் பால் வெள்ளமாய்ப் பெருகுகிறது. அதை மாவாக உலர்த்துவதைவிட வேறு வழி அரிது. ஒரு கிலோ மாவுக்கு ஏறத்தாழ 8 லீற்றர் பால் செல்கிறது. 1882இல் டுனீடின் என்னும் கப்பல் உறைந்த இறைச்சியுடன் இலண்டன் சென்றதிலிருந்து பிரித்தானியாவே அவர்களது பெருஞ்சந்தை. 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் அந்தக் கதவு ஒடுங்கியது. 1984இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் அரச மானியங்களும் போயின. பொன்டெரா 2001இல் உருவாயிற்று. 2008இல் அது தொடங்கிய இணையவழி ஏலத்தின் விலையைத்தான் இன்று உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஏலம் கொள்வனவு செய்யும் நம்மைப் போன்றவர்களை மட்டுமே வருத்துகிறது என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு. 2013–14 பருவத்தில் பாலிலுள்ள திடப்பொருள் கிலோ ஒன்றுக்கு 8.40 நியூசிலாந்து டொலர் பெற்ற பண்ணையாளர், அடுத்த பருவத்தில் 4.40உம் அதற்கடுத்ததில் 3.90உம் பெற்றனர். சீனாவின் கொள்வனவு குறைந்தது, ரஷ்யா மேற்குலகப் பாற்பொருட்களைத் தடுத்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் உற்பத்தி வரம்பை நீக்கியது. மூன்றும் அவர்களது வேலிக்கு வெளியே நடந்தவை. கடனோ அவர்களது தலையில்.

ஆர்செப் என்னும் ஆசிய-பசிபிக் நாடுகளின் தடையற்ற வணிக உடன்பாட்டுக்கான பேச்சிலிருந்து இந்தியா 2019இல் விலகியபோது, இரண்டு மூன்று மாடுகளோடு பிழைப்பவர்கள் நியூசிலாந்துப் பாலின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாது என்ற அச்சமும் ஒரு காரணமாயிருந்தது. அந்த அச்சம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இலங்கை அவ்வாறு கதவைச் சாத்தும் நிலையில் இல்லை. மலிவாகக் கிடைத்த மாவை நம்பி, உள்ளூர்ப் பாலைச் சேகரிப்பதிலும் தீவனத்திலும் நாம் செலவிடத் தவறிய ஆண்டுகள் பல.

வரிசையில் என் முறை வருமுன் பொதிகள் முடிந்துவிட்டன. திரும்பும் வழியில், மாடு வைத்திருந்த அயல்வீட்டு அக்காவிடம் அரைப் போத்தல் பால் கேட்டு வாங்கினேன்.