கோடு தவறா, குச்சி தவறா?

என் மகள் படிக்கும் மாற்றுப் பள்ளியில் பாடவேளை அட்டவணை கிடையாது. எதைக் கற்பது என்பதை மாணவர்களே முடிவுசெய்து, அதை ஒரு செயல்திட்டமாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அவள் தேர்ந்தெடுத்தது சூரியக் கடிகாரம். பலகையின் நடுவே குச்சியைச் செங்குத்தாக நட்டு, மணிக்கொரு முறை நிழல் விழுந்த இடத்தில் கோடிட்டாள். இரண்டு மாதம் கழித்து, அதே மணிக்கு நிழல் கோட்டை விட்டு விலகி விழுந்தது. காரணம் தெரிந்திருந்தும் ஆசிரியர் சொல்லவில்லை, "கோடு தவறா, குச்சி தவறா?" என்று மட்டும் கேட்டார். (எனக்கோ சொல்லிவிட வாய் துடித்தது.) குச்சி புவியின் அச்சுக்கு இணையாக, அதாவது கிடைமட்டத்திலிருந்து அந்த இடத்தின் அட்சரேகைக் கோண அளவுக்கு உயர்ந்து, துருவத்தை நோக்கி நிற்க வேண்டும் என்பதை அவளே கண்டடைய மூன்று வாரம் ஆனது.

செயல்திட்ட முறையை 1918-இல் விளக்கி எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக், மனமார ஈடுபடும் நோக்கமுள்ள செயலையே கல்வியின் மையமாக வைத்தார். 1968-இல் மாசசூசெட்ஸில் தொடங்கப்பட்ட சட்பரி வேலி பள்ளியோ கட்டாய வகுப்புகளையே கைவிட்டது. அந்த அளவுக்கு நான் துணியமாட்டேன். பெருக்கலில் தடுமாறியதால்தான் அந்த மூன்று வாரங்களில் ஒன்றை அவள் இழந்தாள்.

குச்சியைச் சாய்த்த பிறகும் பழைய கோடுகளை அவள் அழிக்கவில்லை.