டி7200-லிருந்து டி500: பிரேம் எண்ணிப் பார்த்த கதை

மூன்று வாரமாக மண்டையைக் குடைந்த விஷயம் ஞாயிறு காலை ஒருவழியாகத் தெளிந்தது. புதிதாக (அதாவது செகண்ட் ஹேண்டில்) வாங்கிய நிக்கான் டி500 கேமரா, என் பழைய நிக்கான் டி7200-ஐ விட மோசமாக ஃபோகஸ் செய்கிறது என்று முதல் வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். மோசமாக என்றால், சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மீசை ஆலா என்ற நீர்ப்பறவைகளை எடுத்த 120 படத்தில் கண் கூர்மையாக வந்தது 44. அதே லென்ஸில், அதே இடத்தில், பழைய பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) 120-க்கு 58. வீட்டில் இதைச் சொல்லவே இல்லை.

2016-ல் வந்து, உற்பத்தியும் நின்றுபோன பாடியை இப்போது யாராவது வாங்குவார்களா என்று கேட்பவர்களுக்கு: என்னிடம் இருப்பதெல்லாம் எஃப் மவுண்ட், அதாவது நிக்கானின் பழைய வகைக் கேமராக்களில் பொருந்தும் லென்ஸ்கள். 200-500 மி.மீ. எஃப்/5.6 ஜூம் லென்ஸ்தான் முக்கால்வாசி நேரம் கேமராவில் இருக்கும். மிரர்லெஸ்ஸுக்குத் தாவினால் அடாப்டர், பேட்டரி, கார்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும். கிடைத்த பாடியில் ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படக் கணக்கு) 41,000, ரப்பர் எங்கும் உப்பவில்லை, பேட்டரியும் பழையதே பொருந்தும். கார்டு விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

சரி, வேகத்துக்கு வருவோம். “ஆட்டோஃபோகஸ் வேகம்” என்று எல்லோரும் சொல்கிறோம், எதை அளந்து சொல்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. நான் செய்தது இது. லென்ஸை டிரைபாடில் ஏற்றி, தூர அளவு காட்டும் கண்ணாடி ஜன்னலும் என் கட்டைவிரலும் ஒரே சட்டத்தில் தெரியும்படி ஃபோனை வைத்து, நொடிக்கு 240 பிரேமில் ஸ்லோ மோஷன் எடுத்தேன். விரல் எப்போது அழுத்துகிறது என்று சரியாகத் தெரிய நகத்தில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டேன். லென்ஸைக் கையால் கிட்ட முனைக்கு, அதாவது 2.2 மீட்டருக்குத் திருப்பிவிட்டு, தூரத்து செல்ஃபோன் டவரைப் பார்த்து, ஆட்டோஃபோகஸைத் தொடங்கும் ஏஎஃப்-ஆன் பொத்தானை அழுத்துவது. டி7200-ல் தனி ஏஎஃப்-ஆன் பொத்தான் கிடையாது, ஏஇ-எல் பொத்தானுக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பாடியிலும் பத்து முறை. அப்புறம் பிரேம் பிரேமாக எண்ண வேண்டும். இதற்குத் தங்கை மகனைப் பிடித்தேன், ஐஸ்கிரீம் பேரம்.

ஜன்னலில் தூர அளவு நகர ஆரம்பித்து நிற்கும் வரை, சராசரியாக: டி7200-ல் 231 பிரேம், டி500-ல் 224. நொடிக்கணக்கில் ஏறக்குறைய ஒன்றேதான். பையன் நிமிர்ந்து பார்த்து, “மாமா, ரெண்டும் ஒண்ணுதானே? இதுக்கா இவ்வளவு காசு?” என்றான். பதில் சொல்ல முடியவில்லை. யோசித்தால் நியாயம்தான். மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது, பாடியை மாற்றினால் மோட்டார் வேகமாகச் சுற்றிவிடுமா என்ன.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. விரல் அழுத்தியதிலிருந்து தூர அளவு முதல் அசைவு காட்டும் வரை டி7200-க்கு 31 பிரேம், டி500-க்கு 18. விரலைப் பார்த்து எண்ணுவதால் இரண்டு மூன்று பிரேம் முன்பின் இருக்கும், ஆனாலும் பத்து முறையும் டி500 முந்தியது. 13 பிரேம் என்றால் நொடியில் இருபதில் ஒரு பங்கு. ஆலா நொடிக்குப் பத்து மீட்டர் போகிறது என்று வைத்தால் அதற்குள் அரை மீட்டர் தாண்டிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் இதே சோதனையைச் செய்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டி7200-ல் ஃபோகஸ் டவரைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி கொஞ்சம் போய் நின்றது. டி500-ல் பத்தில் எட்டு முறை ஒரே ஓட்டத்தில் நின்றது. காகிதத்தில் டி7200-க்கு -3 இவி, டி500-க்கு -4 இவி (எவ்வளவு குறைந்த வெளிச்சம் வரை ஃபோகஸ் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டிருப்பதன் அர்த்தம் அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. லென்ஸில் ∞–6 மீ என்று, 6 மீட்டருக்குள் ஃபோகஸ் தேடாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் ஸ்விட்ச் இருக்கிறதே, அதைப் போட்டு 6 மீட்டர் முனையிலிருந்து எண்ணினால் 231 பிரேம் 98 ஆகிவிடுகிறது, அதுவும் பழைய பாடியிலேயே. காசு கொடுத்து வாங்கியது ஏழு பிரேம், சும்மா கிடந்த ஸ்விட்ச் கொடுத்தது 133. இரண்டு வருஷமாக அதை ஃபுல்லில் வைத்தே பறவை எடுத்திருக்கிறேன்.

அப்படியென்றால் 44 ஏன்? முதலில் செட்டிங்கைச் சந்தேகப்பட்டேன். டைனமிக் 153 (153 ஃபோகஸ் புள்ளிகளை வைத்துப் பறவையைத் தொடரும் முறை) வைத்திருந்தேன், பின்னால் சம்பங்கோரை இருந்தால் அதைப் போய்ப் பிடித்துக்கொண்டது. சில புள்ளிகளைக் கூட்டாகப் பார்க்கும் குரூப் முறைக்கு மாற்றினேன், அது இருப்பதில் கிட்ட இருப்பதற்கு முன்னுரிமை கொடுக்கும், பறவைக்கு வசதி. குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று சொல்லும் லாக்-ஆனில் 3-ஐ 2 ஆக்கினேன். ஏஎஃப்-சி (தொடர் ஃபோகஸ்) முன்னுரிமை ஒரு பாடியில் ரிலீஸ் (ஃபோகஸ் ஆகாவிட்டாலும் படம் எடுப்பது), இன்னொன்றில் ஃபோகஸ் என்று இருந்தது, அதையும் சமன் செய்தேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிந்தது: பறவையின் கண் மங்கல், எப்போதும் அதற்கு ஒரு சாண் முன்னால் எது இருக்கிறதோ அது கூர்மை. அப்போதுதான் உறைத்தது. டி7200-ல் இந்த லென்ஸுக்கு நானே எப்போதோ +6 ஃபைன் டியூன் (ஃபோகஸை முன்னே பின்னே தள்ளும் திருத்த எண்) போட்டு வைத்திருக்கிறேன். அந்த எண் அந்த பாடிக்குள் இருக்கிறது, புது பாடியில் பூஜ்யம்.

டி500-ல் ஆட்டோ ஃபைன் டியூன் உண்டு. லைவ் வியூவில் நடு புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டு, ஏஎஃப் மோட் பொத்தானையும் வீடியோ பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் தானே கணக்குப் போட்டு எண்ணை எழுதிக்கொள்ளும். படிக்க இரண்டு நிமிஷ வேலை, எனக்கு ஆறு நாள் ஆனது. 500 மி.மீ.க்குப் பன்னிரண்டு மீட்டராவது தள்ளி இலக்கு வேண்டும், எங்கள் மொட்டை மாடி ஒன்பது மீட்டர். அதனால் போன வருஷத்துத் தினசரி காலண்டர் ஒன்றை எதிர்வீட்டு மாடியில் கொடிக்கயிறு கட்டும் கம்பத்தில் மாட்டினேன். பெரிய தேதி எண் ஃபோகஸ் பிடிக்க, ராசிபலன் பொடி எழுத்து கூர்மை பார்க்க. எதிர்வீட்டு அக்கா கேட்டார், “என்ன தம்பி, எங்க வீட்டு மாடியிலயா வந்து ராசிபலன் பாக்கணும்?”

முதல் நாள் பதினொரு மணிக்கு ஓட்டினேன். வந்த எண்கள்: +3, +9, -2, +5, 0, +8. டிரைபாட் ஆடுகிறதோ என்று கல் பை தொங்கவிட்டேன். லென்ஸின் விஆரை (அதிர்வுத் தடுப்பை) அணைத்தேன். அதே ஆட்டம். லென்ஸிலேயே கோளாறு என்று முடிவுகட்டி ராத்திரி தூக்கம் கெட்டது. மறுநாள் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் கவனித்தேன், ராசிபலன் எழுத்துகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிகின்றன. கானல். இரண்டு மாடித் தளமும் வெயிலில் கொதித்து, நடுவில் காற்று ஆடிக்கொண்டிருக்கிறது. எதை ஒப்புமைக்கு வைத்து அது கணக்குப் போடுகிறதோ, அந்த லைவ் வியூ ஃபோகஸே தப்பும்போது எண் எப்படி நிலைக்கும்.

காலை ஆறரைக்குத் தளம் குளிர்ந்திருக்கும்போது ஓட்டினால்: +3, +4, +4, +3, +5, +4. ஒவ்வொரு முறைக்கும் முன்னால் லென்ஸை நன்றாகக் கலைத்துவிடுவது முக்கியம், இல்லையென்றால் போன ஃபோகஸிலேயே உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லும். +4 என்று முடித்தேன்.

ஞாயிறு காலை மறுபடி பள்ளிக்கரணை, ரேடியல் ரோட்டோரம். 120-க்கு 91. ஒரு நேர்மையான குறிப்பு: டி7200 24.2 மெகாபிக்சல், டி500 20.9, அதனால் முழுதாகப் பெரிதாக்கிப் பார்க்கும்போது டி500 கொஞ்சம் சலுகையோடுதான் தேர்வு எழுதுகிறது. அன்றைக்கு வெளிச்சமும் நன்றாக இருந்தது. அப்படியிருந்தும் ஒரு தொடரில் ஆலா தண்ணீரைத் தொட்டு மீனோடு எழும்பியது, பதினான்கு படம், பதின்மூன்று கூர்மை. பழைய பாடியில் அந்தத் தொடரே ஆறேழு படத்துக்கு மேல் வந்திருக்காது.

கார்டு கதை: டி500-ல் ஒரு ஸ்லாட் எக்ஸ்க்யூடி என்ற வகை கார்டுக்கானது. ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன், ஒரு கடையில் எக்ஸ்க்யூடி என்றதும் எஸ்டி கார்டை எடுத்து நீட்டினார்கள். கடைசியில் கேமராவில் ஃபர்ம்வேர் 1.30 ஏற்றி, அதே ஸ்லாட்டில் போடக்கூடிய சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டு வாங்கிவிட்டேன். பழைய எஸ்டி கார்டோடு முதல் வாரம் ஓட்டியபோது பஃபர் நிரம்பிக் கேமரா மூச்சு வாங்கியதும் அந்த 44-க்குள் கொஞ்சம் இருக்கலாம், அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்து 300 மி.மீ. எஃப்/4 பிஎஃப் லென்ஸ் ஒன்று செகண்ட் ஹேண்டில் பேசி வைத்திருக்கிறேன். 755 கிராம், இந்த 2.3 கிலோ 200-500-ஐத் தூக்கித் தோள்பட்டை போய்விட்டது. ஆனால் அதற்கு முன் இந்த ஜூமின் 200 மி.மீ. முனையிலும் ஒருமுறை ஃபைன் டியூன் பார்க்க வேண்டும், ஒரு லென்ஸுக்கு ஒரே எண்தான் வைத்துக்கொள்ளும், இரண்டு முனைக்கும் +4 ஒத்துவருமா தெரியவில்லை. காலண்டர் இன்னும் எதிர்வீட்டு மாடியில்தான் தொங்குகிறது. யாரோ நான்கு தாள் கிழித்திருக்கிறார்கள்.