மலை ஏரிகளில் ட்ரவுட் விடுவதை நிறுத்தியது நல்லதுக்குத்தான்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நாங்கள் தூண்டிலோடு ஏறிப்போகும் உயரமான ஏரிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு காலத்தில் மீனே கிடையாது. பனியாறுகள் குடைந்த பள்ளங்கள் அவை. கீழே அருவிகள் குறுக்கே நிற்பதால் ஆற்று மீன் ஏறிவர வழியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன்களை விட ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்திலிருந்தே குஞ்சுகளைத் தண்ணீரில் கொட்டினார்கள். ட்ரவுட் அங்கே வந்த கதை இவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில் மீன் பிடிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால், 'மீன் விடுறதை நிறுத்தி ஏரியையெல்லாம் பாழாக்கிட்டாங்க' என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. எனக்கும் தூண்டில் என்றால் உயிர். ஆனாலும் இந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை.

அதே மலையில் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மீன் விடுவதை 1991-லேயே நிறுத்திவிட்டார்கள். பூங்காவுக்கு வெளியே அது வழக்கு வரை போனது. 2006-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் மாநிலத்தின் மீன்வளத் துறை மீது வழக்குப் போட்டன. 2008 கடைசியில், அருகிவரும் உயிரினங்கள் வாழும் பல நீர்நிலைகளில் மீன் விடுவது நின்றது. எங்கே விடலாம், எங்கே கூடாது என்ற ஆய்வறிக்கை 2010-ல் வந்தது.

இதற்கெல்லாம் முக்கியக் காரணம் ஒரு தவளை. மஞ்சள் கால் மலைத்தவளை. 1924-ல் வெளியான கிரின்னல், ஸ்டோரர் இருவருடைய யோசெமிட்டி ஆய்வில், அந்த உயரத்தில் எங்கு பார்த்தாலும் இருந்தது இந்தத் தவளைதான். பிற்பாடு, அது வாழ்ந்த இடங்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காணாமல் போய்விட்டது. இதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு மூன்று வருடம் ஆகும். குளிர்காலத்தில் அடிவரை உறையாத, கோடையில் வற்றாத ஆழமான ஏரி அதற்கு வேண்டும். தலைப்பிரட்டையைத் தின்னும் ட்ரவுட்டுக்கும் அதே ஏரிதான் வேண்டும். கரையோரக் குட்டைகள் ஒன்று காய்ந்துவிடும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். தலைப்பிரட்டை தப்பித்துப் போக வேறு இடமே இல்லை.

யோசெமிட்டிக்குள் போகும் டியோகா மலைச்சாலைக்கு மேலே மீனில்லாத ஏரி ஒன்றின் கரையில் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்கு ஒட்டின பாறையில் தவளைகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று காலை நீட்டியபோதுதான் தொடைக்கு அடியில் அந்த மஞ்சள் தெரிந்தது. ஆழமில்லாத ஓரத்தில், வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகும் இடத்தில், தலைப்பிரட்டைகள் மொய்த்துக் கிடந்தன. சில சின்னஞ்சிறிசு, சில கட்டைவிரல் பருமன், சிலவற்றுக்குப் பின்கால் முளைத்திருந்தது. போன வருடத்தது, அதற்கு முந்தினது எல்லாம் ஒரே கூட்டத்தில். ட்ரவுட் உள்ள ஏரியில் இப்படிப் பார்க்கவே முடியாது.

சான்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர் ரோலண்ட் நாப்பும் அவரது குழுவும் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, யோசெமிட்டியில் இருபது வருடத்தில் இந்தத் தவளைகள் ஏழு மடங்கு பெருகியிருக்கின்றன. உலகமெங்கும் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை அங்கேயும் இருக்கிறது. அதை மீறித்தான் இந்தப் பெருக்கம். பூஞ்சையைத் தாங்கும் சக்தி கூடியதும் ஒரு காரணம், மீன் விடுவதை நிறுத்தியது இன்னொரு காரணம். தவளை மட்டுமில்லை, அதைத் தின்று வாழும் கார்ட்டர் பாம்பும் தவளை இருக்கும் ஏரிகளைச் சுற்றித்தான் இருக்கும். ட்ரவுட் தின்றுவிடாமல் ஏரியிலிருந்து கூட்டமாகக் கிளம்பும் மேஃப்ளை பூச்சிகளை நம்பி வரும் ரோஸி ஃபின்ச் என்ற குருவி, மீனில்லாத ஏரிகளின் பக்கம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு அதிகம் என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது.

சரி, குஞ்சு விடுவதை நிறுத்தினால் போதுமா? போதாது. இந்த மலையில் ட்ரவுட் விடப்பட்ட ஏரிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் அது தானாகவே பெருகுகிறது. அதிலும் ப்ரூக் ட்ரவுட் என்ற வகை லேசில் ஓயாது. பன்னி ஏரி என்ற சின்ன ஏரியில் விட்ட ப்ரூக் ட்ரவுட், இரையில்லாமல் வளர்ச்சி குன்றிப்போயும் 24 வருடம் உயிரோடு இருந்திருக்கிறது. அதனால்தான் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் 2001 முதல் செவுள் வலை போட்டு மீனை எடுத்துவருகிறார்கள். மீனை எடுத்த ஏரிகளில் தவளைகள் சில வருடங்களிலேயே திரும்பப் பெருகின. பணமும் ஆளும் தேவைப்படும் வேலை. ஆனாலும் இதுதான் சரியான வேலை.

கிழக்குச் சரிவில் உள்ள பிஷப், பிரிட்ஜ்போர்ட் போன்ற ஊர்களின் கவலை நியாயமானது. அங்கே விடுதி, இரைக்கடை, படகு வாடகை எல்லாம் ட்ரவுட் சீசனை நம்பித்தான் ஓடுகிறது. 2020-ல் மூன்று அரசு மீன் பண்ணைகளில் லாக்டோகாக்கஸ் பாக்டீரியா பரவி, 32 லட்சம் ட்ரவுட்டை அழிக்க வேண்டிவந்தது. அந்த வருடம் அந்த ஊர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். ஆனால் அவர்கள் பிழைப்பு சாலையோர ஏரிகளிலும் அணைகளிலும்தான் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க நடந்து ஏறினால்தான் வரும் மலை ஏரிகளில் இல்லை.

எங்கள் ஊர்ப் பூங்காக் குளத்தில் குளிர்காலத்தில் விடும் ட்ரவுட்டை நிறுத்தச் சொன்னால் நானே எதிர்ப்பேன். தோண்டி உண்டாக்கின குளம். அங்கே அழிந்துபோக அரிய தவளை எதுவும் கிடையாது. மே மாதம் தண்ணீர் சூடேறினால் மிச்சமிருக்கும் ட்ரவுட் எப்படியும் செத்துப்போகும். அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற தாத்தாக்களும் பிடித்துக்கொண்டு போகட்டும். கார் இல்லாதவர்கள் பஸ்ஸில் வந்து தூண்டில் போடுகிற இடம் அது. என் மகள் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

மலையில் ப்ரூக் ட்ரவுட் இருக்கும் ஏரிகளுக்கு இப்போதும் போகிறேன். பிடித்ததைத் திரும்ப விடும் பழக்கத்தை அங்கே மட்டும் விட்டுவிட்டேன். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு கலந்த டப்பா எப்போதும் பையில் இருக்கும். மாநிலம் அனுமதிக்கிற அளவு பிடித்து, அங்கேயே வறுத்துச் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறோம்.