மழை விழும் மண்டபம்

கூரையின் நடுவிலிருந்து மழை நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது; சுற்றி நின்றவர்களில் ஒருவரும் குடை விரிக்கவில்லை.

ரோமில் மூன்று நாள் அலுவலகக் கூட்டங்கள் இன்று மதியம் முடிந்தன. விமானத்துக்குக் கிளம்புமுன் கையில் இரண்டு மணி நேரம் இருந்தது. கொலோசியத்துக்கும் வத்திக்கானுக்கும் ஓடி இரண்டையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட ஒரே இடத்தில் நிதானமாக நிற்பது மேல் என்று, பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கு நடந்தேன்.

பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது. இரும்புக் கம்பியே இல்லாத கான்கிரீட்டால் எழுந்த அதன் குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்குச் சற்று அதிகம். தரையிலிருந்து உச்சி வரையுள்ள உயரமும் அதே அளவு. கீழே கனமான கல்லும், மேலே போகப்போக இலேசான எரிமலை நுரைக்கல்லும் கலந்திருப்பது அந்தப் பாரத்தைக் குறைக்கிறது.

என்னை நிறுத்தியது தரைதான்.

திறந்த உச்சி வழியே விழும் நீர் தேங்காதபடி, தரையை மெல்ல மேடாக்கிப் பளிங்கில் சிறு துளைகள் இட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். ஒரு துளையின் விளிம்பில் நீர் நொடிப்பொழுது தயங்கி, சுழன்று, உள்ளே இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவை யாரோ ஒரு கொத்தனார் உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் சரிசெய்திருப்பார் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. அவர் பெயர் எங்கும் இல்லை. முகப்பில் ஹாட்ரியனின் பெயர்கூட இல்லை. அங்கே முன்பிருந்த கோயிலைக் கட்டிய அக்ரிப்பாவின் பெயரே பெரிய எழுத்துகளில் நிற்கிறது.

ஓவியர் ரஃபேலின் கல்லறையைப் பார்த்துவிட்டு, மறுபடி அந்தத் துளையருகே வந்து நின்றேன். மழை விட்டிருந்தது. நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.